கொழுந்துக் கூடையும் சுருள்வில் தராசும்



கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு நிறுவை புதிதன்று. கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் ஊசி நகர்கிறது. கிராணி அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அந்த எண்தான் நம் கூலி. அந்த ஊசியை நகர்த்துவது எது? அதை அளக்க மனிதன் எப்படிக் கற்றான்? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் வந்தது கோல் தராசு. ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் படிக்கல். மலாயாவின் கடைத்தெருக்களில் சீன வணிகர்கள் பிடித்த தூக்குகோலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் 16 தாஹில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டில் காத்தியும் பவுண்டுமே வழக்கில் இருந்தன.

சுருள்வில் தராசின் கதை வேறு. இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக், சுமை இரட்டித்தால் வில்லின் நீட்சியும் இரட்டிக்கும் என்று கண்டார். பிறர் முந்திக்கொள்ளாதபடி, 1676-இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார்; 1678-இல்தான் விடையைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத விசையை நீளமாக அளக்க வழி பிறந்தது.

வில்லை இழுக்கும் அந்த விசை எது? 1687-இல் வெளிவந்த தம் நூலில் ஐசக் நியூட்டன் விளக்கினார்: பூமி ஒவ்வொரு பொருளையும் தன்பால் இழுக்கிறது. அந்த இழுப்பே எடை. பொருளில் அடங்கியுள்ள அளவோ பொருண்மை. விசையை அளக்கும் அலகுக்கு 1948-இல் நியூட்டனின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு கிலோ கொழுந்தைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது.

இந்த இழுப்பு எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. 1672-இல் பிரெஞ்சு அறிஞர் ஜான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் தீவில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். அங்கே பூமியின் இழுப்பு சற்றுக் குறைவு என்பதற்கு நியூட்டன் இதனைச் சான்றாகக் கொண்டார். உயரே செல்லச் செல்லவும் இழுப்பு குறையும்.

அப்படியானால் நம் மலையில் எடை குறையுமா? குறையும், எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கடற்கரையில் 30 கிலோ காட்டும் கூடை, அதே சுருள்வில் தராசில் தானா ராத்தா உயரத்தில் ஏறத்தாழ 10 கிராம் குறைவாகக் காட்டும். ஒரு பிடி கொழுந்துகூட இல்லை. ஆகவே ஊசி ஒரு கிலோ குறைத்துக் காட்டினால், பழியை மலையின்மேல் போட முடியாது. கோல் தராசிலோ இந்தச் சிறு வேறுபாடும் தெரியாது. படிக்கல்லையும் பூமி அதே அளவு குறைவாகத்தானே இழுக்கிறது!

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் கிலோகிராம் முறைக்கு வழிவகுத்தது. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம் ஆயிற்று. வணிகத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடவும் அச்சட்டம் வகைசெய்தது.

ஹூக்கின் விதிக்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறி இழுத்த வில் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே சுமை மாட்டுமுன் ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வெறும் வாளியை நிறுத்து, அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி மீண்டும் நிறுங்கள். ஊசி ஐந்து கிலோ கூடுதலாகக் காட்ட வேண்டும். பத்து லிட்டருக்குப் பத்துக் கிலோ.

தாய்மார்களே, தந்தைமார்களே! இச்சோதனையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். அளவுகோலை அறிந்தவரிடம் அளவு குறையாது. அறிவியல் பாடம் நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் கூலிப் புத்தகத்துக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.