கொண்டச்சிக் கரையின் கணக்கு: முத்துச் சலாபத்திலிருந்து கணினி விஞ்ஞானம் வரை

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவியாறு கடலில் கலக்கும் அரிப்புக்கும் வில்பத்துக் காட்டின் வட எல்லைக்கும் இடையே நீளும் கரையோரம் இன்று முசலிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அடங்குகிறது. இக்கரையிலுள்ள கொண்டச்சி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் முத்துச் சலாபத்தின் வழியாக, அதாவது அரசு நாள் குறித்து நடத்திய முத்துக்குளிப்பின் வழியாக, உலக வரலாற்றில் இடம்பெற்றன. அந்தச் சலாபம் கடலில் மூழ்கியோரின் துணிவால் மட்டும் நடந்ததன்று. எண்ணுதல், தரம்பிரித்தல், மாதிரி எடுத்து மதிப்பிடுதல் ஆகிய கணக்குத் தொழில்களும் அதைத் தாங்கி நின்றன. இன்று பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானம் என்ற பெயரில் பயிலப்படும் துறையின் அடிப்படை வேலைகளும் இவையே என்பதால், இக்கரையின் பழைய கணக்கையும் இலங்கையில் கணினிக் கல்வி வளர்ந்த கதையையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது.

1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமான பின் நடந்த முதற் சலாபங்களின் பாளையம், அதாவது தற்காலிக முகாம், கொண்டச்சிக் குடாவில் அமைந்தது. முதலாவது ஆங்கில ஆளுநரான பிரெடெரிக் நோர்த், குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்றே அருகிலுள்ள அரிப்பில் மாளிகை கட்டினார் என்பது, இக்கரையின் வருமானத்தை அவ்வரசு எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதைக் காட்டுகிறது. பெரிய பார், செவல் பார் முதலிய பார்களிலிருந்து, அதாவது கடலடியில் சிப்பிகள் திரளாக வளரும் பாறைத் திட்டுகளிலிருந்து, தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் சிப்பி எடுத்தனர். பிற்காலச் சலாபங்களில், கரை சேர்ந்த ஒவ்வொரு தோணியின் சிப்பியும் கொட்டு எனப்பட்ட வேலியடைத்த கொட்டகையில் மூன்று சம குவியலாக்கப்பட்டது. எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டிக்காட்ட, எஞ்சிய ஒன்று குளித்தோருக்குச் சேர்ந்தது. எந்தக் குவியல் தமக்கு வரும் என்பது பிரிப்போருக்கு முன்கூட்டித் தெரியாததால் மூன்றையும் அளவொத்துப் பிரிப்பதே அவர்களுக்கு நன்மையாயிற்று. பங்கீட்டின் நேர்மையைக் காவலாளியிடம் ஒப்படைக்காமல் வழிமுறையிலேயே பொதிந்து வைத்த இந்த ஏற்பாடு சிறந்ததொரு நெறிமுறை, அதாவது யார் செய்தாலும் அதே விளைவைத் தரும்படி வகுத்த படிவரிசை, ஆகும்.

அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அன்று மாலையே ஏலம் போயிற்று. 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எண்ணப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப், 1906இல் இளம் சிவில் அதிகாரியாக மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டு, கொட்டில் இந்த எண்ணிக்கையையும் பங்கீட்டையும் மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவராவார்.

சிப்பியை எண்ணுவதைவிட முத்தை மதிப்பிடுவது நுட்பமான கணக்கு. அழுகவிட்டுக் கழுவியெடுத்த முத்துகளை வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலித்தனர். ஒரே அளவான அச்சல்லடைகளில் முதலாவதில் 20 துளைகளும், அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனக் கூடி, கடைசியில் 1000 துளைகளும் இருந்தன. துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுத்தது. முதல் நான்கில் தங்கியவை மேல் என்றும், 100 முதல் 1000 வரையுள்ளவற்றில் தங்கியவை வடிவு என்றும், எல்லாவற்றிலும் நழுவி விழுந்தவை தூள் என்றும் பிரிக்கப்பட்டன. அதன்பின் உருட்சியும் ஒளியும் நோக்கி, குறையற்றது ஆணி, சற்றே குறைந்தது அனதாரி என்று தரம் குறித்தனர். எடைக்கு மஞ்சாடியும் கழஞ்சும் அலகுகளாயின, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. உயர்ந்த முத்தின் விலை எடைக்கு நேராக ஏறாமல் எடையின் வர்க்கத்துக்கு, அதாவது எடையை அதே எடையால் பெருக்கிய தொகைக்கு, ஏற்ப ஏறியது. ஒரு முத்தின் எடை இன்னொன்றின் எடையைப்போல் இரு மடங்கானால் அதன் மதிப்பு நான்கு மடங்காகக் கொள்ளப்பட்டது. பல முத்துகளை ஒருங்கே மதிப்பிடும்போது மொத்த எடையின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்து, செவ்வு எனப்பட்ட மதிப்பலகில் கணக்கிட்டு, பெருக்கல் வாய்பாடுகளைக் கொண்டு விலையை விரைந்து சொன்ன கணக்கர்கள் பாளையத்தில் இருந்தனர்.

சலாபம் நடத்துவதா இல்லையா என்ற முடிவும் கணக்கின் மேலேயே எடுக்கப்பட்டது. பார்களைப் பரிசோதிக்கும் அதிகாரி சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அவற்றின் முத்துகளை வணிகரைக்கொண்டு மதிப்பிட்டு, பார் முழுவதன் பெறுமதியை அதிலிருந்து கணித்தார். ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை ஊகிக்கும் இம்முறையே இன்று புள்ளிவிபரவியலில் மாதிரியெடுப்பு எனப்படுகிறது. ஆனால் அந்தக் கணக்கின் பயன் இக்கரையில் தங்கவில்லை. 1902இல் பார்களை ஆராய வந்த லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மனின் அறிக்கை ஐந்து தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. 1906இல் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு, இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் கலைந்தது. 1925க்குப் பின் சொல்லத்தக்க பெருஞ்சலாபம் நடக்கவில்லை. கொண்டச்சிக் கரை தரவை வழங்கிய இடமாக இருந்ததேயன்றித் தரவை ஆண்ட இடமாக இருக்கவில்லை.

கணித்தல் என்ற தொழில் தனிப் பல்கலைக்கழகப் பாடமானது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் இத்துறையில் டிப்ளோமாப் பாடநெறியைத் தொடங்கியது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962இல் தனித் துறை உருவானது. இலங்கையில் இதன் முன்னோடியான பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணிதம் பயின்றவர். அவர் பணியாற்றிய கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1985இல் புள்ளிவிபரவியல் மற்றும் கணினி விஞ்ஞானத் துறையும், 1987இல் கணினித் தொழில்நுட்ப நிறுவனமும் தோன்றின. 2002இல் கணினிக் கல்வி அமைப்புகள் ஒன்றிணைந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆயிற்று. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் 1985இல் கணினி விஞ்ஞானம் மற்றும் பொறியியல் துறையை நிறுவியது.

யாழ்ப்பாணத்தில் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான கல்விக்கூடத்தில், கணினி விஞ்ஞானத் துறை 1990களின் தொடக்கத்தில் உருவானது. அதே ஆண்டுகளில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மின்சாரம் இன்றி இயங்காத ஒரு கருவியைப் பாடமாகக் கற்பித்த ஆசிரியர்களும், திரையைவிடத் தாளிலேயே பெரும்பாலும் நிரல் எழுதிப் பழகிய மாணவர்களும் அத்துறையைக் காப்பாற்றினர். நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் ஒழுங்கான தொகுதி. அதன் தருக்கம் தாளிலும் சரியாகவே இருக்க வேண்டும் என்ற பயிற்சி அத்தலைமுறைக்கு வாய்த்தது.

கொண்டச்சிக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தின் முகாம்களில் இரண்டு தசாப்தங்களை அண்டிய காலம் வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பின்னரே பெருமளவில் திரும்பத் தொடங்கினர். கணினிக் கல்விக்கு வழியாகும் இணைந்த கணிதத்தை, அதாவது உயர்தர வகுப்பில் தூய கணிதத்தையும் பிரயோக கணிதத்தையும் சேர்த்துக் கற்கும் பாடத்தை, கற்பிக்கத் தகுதியான ஆசிரியர் தேவை. இடம்பெயர்ந்த பாடசாலைகளுக்கு அத்தகையோர் எளிதில் கிட்டக்கூடியவரல்லர். போரின் தாக்கத்துக்குள்ளான தமிழ்பேசும் மாணவரின் தேவையை முன்னிட்டு 1990களின் நடுப்பகுதியில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், வளாகத்துக்குள் இடம் கிடைக்காதவர்களும் தம் ஊரிலிருந்தே படித்துப் பரீட்சை எழுத வழி செய்தது.

பல்கலைக்கழக நுழைவின் விதிகளும் இங்கே கவனத்துக்குரியவை. 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், அதாவது மொழிமூலத்துக்கு ஏற்பப் புள்ளிகளைச் சரிக்கட்டும் முறை, தமிழ்மொழி மூல மாணவரை, குறிப்பாக விஞ்ஞானத் துறைகளில், கடுமையாகப் பாதித்தது. அதனைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்துக்கு இழப்பையும் மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிறு வாய்ப்பையும் ஒருங்கே தந்தது. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் நிரப்பப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. ஆகவே முசலியின் மாணவர் ஒருவருக்குக் கதவு அடைக்கப்படவில்லை. கதவு வரை வந்து சேரும் பாதையே சீராக்கப்பட வேண்டியுள்ளது.

அக்கதவுகளுள் மிக அண்மையானது வவுனியாவில் உள்ளது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக நிறுவப்பட்டு, 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த அது, வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வழியிலேயே பம்பைமடுவில் அமைந்துள்ளது. கணினி விஞ்ஞான மாணவர் கற்கும் பாடங்களைப் பழைய பாளையத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஒழுங்கற்ற தொகுதியை வரிசையாக்கும் வழிகளும், அவற்றுள் எது குறைந்த படிகளில் முடியும் என்ற ஆய்வும் நெறிமுறைப் பாடத்தில் இடம்பெறும். பத்துச் சல்லடையை எந்த ஒழுங்கில் வைப்பது என்ற கேள்வியும் இதே இனத்தது. தோணி, சம்மாட்டி எனப்பட்ட தோணித் தலைவர், நாள், எண்ணிக்கை என்பவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, கேட்டவுடன் விடை தரும்படி சேமிக்கும் முறை தரவுத்தளம் எனப்படும். மாதிரியைக் கொண்டு முழுமையை ஊகிக்கும் பழைய கணக்கு, இன்று இயந்திரக் கற்றல் என்ற பெயரில், முன்னைய தரவுகளிலிருந்து கணினி தானே விதியை வடித்தெடுக்கும் துறைக்கு அடித்தளமாயிற்று. இவற்றோடு இயக்க முறைமை, வலையமைப்பு, மென்பொருட் பொறியியல் ஆகியனவும் சேர, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பட்டம் நிறைவுறும். பாடசாலையில் தமிழில் பயின்றவர் இப்பாடங்களை ஆங்கிலத்திற் கற்க நேர்வதால், முதலாண்டு பலருக்கும் மொழியோடு போராடும் ஆண்டாகிறது.

பட்டத்துக்குப் பின் விரியும் தொழில்கள் பலவகைப்பட்டவை. மென்பொருட் பொறியியலாளர் நிரலை ஆக்குகிறார், தர உறுதிப்பாட்டாளர் அதன் பிழைகளைத் தேடுகிறார், வணிகப் பகுப்பாய்வாளர் வாடிக்கையாளரின் தேவையைத் தொழில்நுட்பத்தாருக்கு விளங்கும்படி எழுதித் தருகிறார். 1996இல் தோன்றிய மிலேனியம் ஐ.டி. நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கித் தன் வணிகத்தையே இலங்கையில் ஆக்கிய மென்பொருளில் நடத்தியமையும், 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 உலகச் சந்தையில் இடம்பிடித்தமையும் இத்தொழிலின் வீச்சைக் காட்டும். எனினும் இவ்வேலைகள் பெரிதும் கொழும்பைச் சுற்றியே குவிந்துள்ளன. ஊரிலேயே வாழ விரும்பும் பட்டதாரிக்குப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியப் பணி, அரசின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப சேவை, இணையவழித் தொலைப்பணி ஆகியன எஞ்சுகின்றன.

மன்னார்க் கரையும் இன்று தரவின் கரையாகவே இருக்கிறது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட் கொள்ளளவுடன், கணினிக் கட்டுப்பாட்டிலேயே இயங்குகின்றன. 2011இல் மன்னார் வடிநிலத்தில் எரிவாயு கண்டறியப்பட்டதும் நில அதிர்வலைத் தரவுகளைக் கணினியிற் பகுத்தாய்ந்ததன் விளைவே. கடலும் காற்றும் மன்னாருடையனவாயிருக்க, அவற்றைக் கணக்கிடுவோர் வேற்றிடத்தாராயிருக்கும் பழைய நிலை மீளவும் தொடரக்கூடாது. அதற்கு முதற்படியாக முசலியின் பாடசாலைகளில் உயர்தர இணைந்த கணிதமும் ஆங்கிலமும் இடையறாது கற்பிக்கப்பட வேண்டும். சலாபங்களின் எண்ணிக்கை, ஏலவிலை, பார்களின் பரிசோதனை ஆகியவற்றைப் பதிந்த நூறாண்டுக்கு மேற்பட்ட அரசாவணங்களைத் தமிழில் தேடத்தக்க தரவுத்தளமாக்கும் பணியை வடக்கின் பல்கலைக்கழகங்கள் தம் இறுதியாண்டு மாணவரிடம், முதன்மையாக இக்கரையின் பிள்ளைகளிடம், ஒப்படைக்க வேண்டும்.