வடிக்கும் உரிமையும் ஒப்பும் உரிமையும்: சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அமைப்புவிதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

2006 ஆகஸ்ட் 24ஆம் தேதி, பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுப்பேரவை, கோள் எது என்பதற்கு இலக்கணம் வகுத்தது. புளூட்டோ கோள் வரிசையிலிருந்து நீங்கியது. உலகெங்கும் பாடநூல்கள் திருத்தப்பட்டன. இவ்வளவுக்கும் காரணமான 5ஏ தீர்மானத்தை எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அரங்கில் உயர்ந்த மஞ்சள் அட்டைகளிலேயே பெரும்பான்மை தெரிந்துவிட்டதால், எண்ணாமலே நிறைவேறியதாக அறிவித்தார்கள். அன்று எண்ணப்பட்டவற்றுள் ஒன்று 6பி தீர்மானம். புளூட்டோவை முன்மாதிரியாகக் கொண்ட வகைக்குப் பெயர் சூட்டும் அந்த முன்மொழிவு 183க்கு 186 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் நால்வர் விமானத்தைப் பிடிக்கச் சற்று முன்னதாகக் கிளம்பியிருந்தால் அது வென்றிருக்கும்.

ஓர் ஆய்வுச் சங்கத்தின் அமைப்புவிதியைத் திருத்த உட்காருபவர்கள் பெரும்பாலும் நோக்கங்களைச் சொல்லும் முதல் பிரிவில்தான் நெடுநேரம் செலவிடுகிறார்கள். அறிவை வளர்ப்பது, நாடுகளிடையே ஒத்துழைப்பைப் பேணுவது போன்ற தொடர்களை யாரும் எதிர்ப்பதில்லை. ஆகவே அவை எதையும் தீர்மானிப்பதும் இல்லை. சங்கத்தின் உண்மையான இயல்பு, யார் உறுப்பினர், யாருக்கு எதில் வாக்கு என்று சொல்லும் பிற்பகுதி விதிகளில் இருக்கிறது. நூறாண்டைக் கடந்த வானியல் ஒன்றியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஒரு வாதத்தை முன்வைக்கிறது. வாக்குரிமை என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு உரிமைகள். ஒன்று, தீர்மானத்தின் வாசகத்தை வடிக்கும் உரிமை. மற்றொன்று, வடித்து முடித்த வாசகத்தை ஒப்பவோ மறுக்கவோ உள்ள உரிமை. இரண்டாவதை விரிக்கும் சீர்திருத்தம் முதலாவதையும் விரித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் இன்றைய சிக்கல்.

1. ஆளா, நாடா?

1863இல் ஹைடல்பெர்க் நகரில் தோன்றிய ஜெர்மன் வானியல் கழகம் பெயரளவில்தான் ஜெர்மானியக் கழகம். பல நாட்டு வானியலாளர்கள் தனித்தனியே அதில் உறுப்பினராயினர். முதல் உலகப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. போருக்குப் பின் வென்ற நாடுகளின் அறிவியல் கழகங்கள் சேர்ந்து அமைத்த சர்வதேச ஆராய்ச்சி மன்றத்தின் நிழலில், 1919 ஜூலையில் பிரசல்ஸ் நகரில் வானியல் ஒன்றியம் பிறந்தது. இங்கே உறுப்பினர் ஆள் அல்ல, நாடு. மன்றத்தின் விதிப்படி ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா ஆகிய நாடுகளுக்கு இடமில்லை.

நாட்டை உறுப்பினராக்கும் விதியின் வசதியும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆள்வாரியாக ஒருவரை விலக்க வேண்டுமானால் அவர் செய்த குற்றத்தைக் காட்ட வேண்டும். நாட்டுவாரியாக விலக்க ஒரு வாக்கியம் போதும். தொலைநோக்கியின் பின்னால் அமர்ந்திருந்த அத்தனை பேரும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடுவார்கள். ஒன்றியம் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், 1919 மே 29 அன்று, ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் பிரின்சிப்பே தீவில் சூரிய கிரகணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சோதித்துக்கொண்டிருந்தது பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கொள்கை. அறிவியல் அதன் போக்கில் எல்லை கடந்துகொண்டிருந்தபோது, அறிவியலுக்கான அமைப்புவிதி எல்லை வரைந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து வானியலாளர் காப்தெய்ன் போன்றோர் இந்த விலக்கை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

1926இல் ஆராய்ச்சி மன்றம் விலக்கு விதியை நீக்கியது. ஆனால் ஜெர்மனி உடனே வந்து சேரவில்லை. வானியல் ஒன்றியத்தில் அது இணைந்தது 1951இல்தான். இடையில் இன்னொரு போரும் வந்துபோனது. விதியை எழுத ஒரு கூட்டம் போதும், அழிக்க இன்னொரு கூட்டம் போதும். அது விட்டுச்சென்ற மனக்கசப்பு எந்தக் கூட்டத்தின் அதிகாரத்துக்கும் உட்பட்டதல்ல. அமைப்புவிதித் திருத்தத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் இந்த 25 ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும்.

2. பெயரில் வந்த வழக்கு

நாடுதான் உறுப்பினர் என்றால் எது நாடு என்ற கேள்வியும் வானியலாளர்கள் தலையில் விழும். சீனா 1935இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 1959இல் தைப்பேயின் வானியலாளர்கள் சேர்க்கப்பட்டதும் மறு ஆண்டே மக்கள் சீனம் வெளியேறியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அன்று உலகின் மிகப் பெரிய மக்கள்தொகை கொண்டிருந்த நாட்டின் வானியலாளர்கள் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தார்கள். 1982இல் கிரீசின் பாட்ராஸ் நகரில் கூடிய பொதுப்பேரவையை ஒட்டி இது தீர்ந்தது. சீனா என்ற ஒரே பெயரின் கீழ், நாஞ்சிங்கையும் தைப்பேயையும் இருப்பிடமாகக் கொண்ட இரண்டு வானியல் அமைப்புகள் இடம்பெற ஏற்பாடாயிற்று.

இந்தத் தீர்வு உருவான 1979–82 காலத்தில் ஒன்றியத்தின் தலைவராக இருந்தவர் வைணு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர். ஒன்றியத்துக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். பாட்ராஸ் பேரவை நடந்த அதே ஆகஸ்ட் மாதத்தின் 19ஆம் நாள் அவர் மியூனிக்கில் காலமானார். சீனத் தீர்வு நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இறையாண்மை பற்றிய வழக்கை வானியலாளர்கள் தீர்க்கவில்லை. தீர்க்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. உறுப்பினர் என்ற சொல்லின் பொருளை அரசிலிருந்து சற்றே விலக்கி, ஒரு நிலத்தில் இயங்கும் ஆய்வாளர் சமூகம் என்ற பக்கம் நகர்த்தினார்கள். நல்ல விதித் திருத்தம் பல சமயம் இப்படித்தான் அமைகிறது: பூசலைத் தீர்ப்பதில்லை, பூசல் நுழைய முடியாத அளவுக்கு ஒரு சொல்லைக் குறுக்குகிறது.

3. ஒரே கூரையின் கீழ் இரண்டு அவைகள்

இன்றைய ஒன்றியத்தில் நாட்டு உறுப்பினர்களும் உண்டு, தனி உறுப்பினர்களும் உண்டு. முதன்மையாக அறிவியல் சார்ந்த பொருள்களில் தனி உறுப்பினருக்கு ஆளுக்கொரு வாக்கு. நிர்வாகப் பொருள்களில் வாக்கு நாடுகளுக்கு. வரவுசெலவுத் திட்டம் வந்தால் சந்தாவின் தரத்துக்கு ஏற்ப வாக்கின் எடை கூடும்: நாடு எந்தச் சந்தா வகையில் இருக்கிறதோ, அந்த வகையின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அதன் வாக்குகள். முதல் வகையில் இருக்கும் சிறு நாட்டுக்கு இரண்டு வாக்கு. ஆறாம் வகை நாட்டுக்கு ஏழு. கூட்டப்படும் அந்த ஒன்று சிறியதாகத் தோன்றினாலும் அதில் ஒரு கொள்கை இருக்கிறது. சந்தாவில் உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே வாக்கில் இறங்காமல் அது தடுக்கிறது.

பணம் கொடுப்பவருக்குப் பணத்தில் சொல், அறிவு உடையவருக்கு அறிவில் சொல் என்ற இந்தப் பங்கீடு நியாயமாகவே தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் நிற்கிறது, அது அமைப்புவிதியே. அதைத் திருத்தும் வாக்கு நாட்டு உறுப்பினர்களுடையது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. ஆக, கோள் எது என்று முடிவு செய்யும் வானியலாளருக்கு, அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பதில் வாக்கில்லை.

4. பிராக்: சிலர் வடித்தது

2006 நிகழ்வுக்கு வருவோம். வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கரிச் தலைமையிலான எழுவர் குழு வடித்த முதல் வரைவு ஆகஸ்ட் 16ஆம் தேதி வெளியானது. அதன்படி கோள்கள் பன்னிரண்டு. புளூட்டோ மட்டுமன்றி சீரிசும் சாரோனும் அவற்றுள் அடக்கம். எட்டே நாளில், அரங்கில் எழுந்த எதிர்ப்பால், பன்னிரண்டு எட்டாகச் சுருங்கியது. கடைசி நாள் வாக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் 424 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய உறுப்பினர் தொகை ஏறத்தாழ 9,000. அதில் இது ஐந்து விழுக்காடும் ஆகாது. வரைவுக் குழுவின் தலைவரே அதற்குள் ஊர் திரும்பிவிட்டதால் வாக்களிக்க முடியவில்லை.

இதைப் பிரதிநிதித்துவக் குறைபாடு என்று கண்டித்தவர்கள் சொன்னது சரியே. ஆயினும் அவர்கள் கவனிக்காத மறுபக்கம் ஒன்றுண்டு. அந்த எட்டு நாட்களில் வாசகம் உருகி உருமாறியது. அரங்கில் இருந்தவர் சொல்லைச் சேர்க்கலாம், நீக்கலாம். பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி அவர் மனத்தை மாற்றலாம், தன் மனத்தையும் மாற்றிக்கொள்ளலாம். வடிக்கும் உரிமை பிராக்கில் முழுமையாக உயிரோடு இருந்தது. அது மிகச் சிலரிடம் இருந்தது என்பதுதான் குறை.

5. வியன்னாவுக்குப் பின்: பலர் ஒப்பியது

பிராக் தந்த பாடத்தால் மின்னணு வாக்கெடுப்புக்கு வழி திறந்தது. 2018இல் வியன்னாப் பேரவையில், விரியும் அண்டத்தைப் பற்றிய ஹபிள் விதியை ஹபிள்-லெமேத்ர் விதி என்று வழங்கப் பரிந்துரைக்கும் தீர்மானம் விவாதிக்கப்பட்டது. வாக்கெடுப்பு பின்னர் மின்னணு முறையில் நடந்தது. 11,072 உறுப்பினர்களில் 4,060 பேர், அதாவது 37 விழுக்காட்டினர், வாக்களித்தனர். ஆதரவு 78, எதிர்ப்பு 20, எப்பக்கமும் சாராதவர் 2 விழுக்காடு. பிராக்கோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்குக்கும் மேலான வாக்குகள்.

எண்ணிக்கை பெருகியபோது வாக்கின் தன்மையும் மாறியது. திரைக்கு முன் அமர்ந்தவருக்கு இருந்த வழிகள் மூன்று: ஆம், இல்லை, சாரவில்லை. தலைப்பை ஏற்று முகவுரையை மறுக்க அவருக்கு வழியில்லை. அந்த முகவுரையிலோ ஒரு வரலாற்றுக் கூற்று இருந்தது. 1928இல் லைடனில் நடந்த ஒன்றியத்தின் பொதுப்பேரவையில் ஹபிளும் லெமேத்ரும் கருத்துப் பரிமாறிக்கொண்டதாக அது சொன்னது. அதற்குச் சான்று எங்கே என்று ஹெல்கே க்ராக் போன்ற அறிவியல் வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். விதிக்கு என்ன பெயர் வைப்பது என்பது வாக்கால் முடிவு செய்யத்தக்கது. இருவர் ஓர் அரங்கில் பேசினார்களா என்பது ஆவணத்தால் தெரிய வேண்டியது. ஆயிரம் வாக்கு விழுந்தாலும் அது நடந்ததாகிவிடாது. இரண்டையும் ஒரே வாசகத்தில் பிணைத்து ஒரே வாக்குக்கு விட்டது ஒப்பும் முறையின் குறைபாடு. அரங்கில் ஒருவர் எழுந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றால் முடிந்துபோகும் காரியம், மின்னணு வாக்கில் முடியாமல் போகிறது.

6. மறுப்பும் விடையும்

பத்தாயிரம் பேர் சேர்ந்து ஒரு வரையறையை வடிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. அறிவியல் வரையறை துறையறிந்த சிறு குழுவின் வேலை என்ற வாதத்திலும் வலு இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை கோருவது எல்லோரும் எழுத வேண்டும் என்பதை அன்று. எழுதுபவர்கள் எல்லோருக்கும் விடை சொல்ல வேண்டும் என்பதை. விதியாக எழுதினால் அது மூன்று கூறுகளாக அமையும்.

முதலாவது, வரைவு வெளியானபின் குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையொப்பமிட்டு எழுத்தில் தரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரைவுக் குழு காரணம் காட்டி எழுத்தில் விடை தர வேண்டும். அந்த விடைகள் வாக்குச்சீட்டோடு சேர்ந்து உறுப்பினரைச் சென்றடைய வேண்டும்.

இரண்டாவது, தீர்மானத்தின் முகவுரையில் வரும் உண்மைக் கூற்றுகள், ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைப் போலவே, துறையறிஞர் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். சான்று கிடைக்காத வரி வாக்குக்குப் போகுமுன் நீங்க வேண்டும்.

மூன்றாவது, வெற்றிக்கான அளவு. இத்தனை பேர் வாக்களித்தால்தான் செல்லும் என்று குறைவெண் வைப்பது வழக்கம். அதில் ஒரு பொறி இருக்கிறது: எதிர்ப்பவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கியே தீர்மானத்தைச் சாகடிக்கலாம். அதற்குப் பதிலாக, மொத்த உறுப்பினரில் இன்ன பங்கினர் ஆம் என்று சொல்ல வேண்டும் என விதித்தால் ஒதுங்குவதால் யாருக்கும் ஆதாயமில்லை. 2018 வாக்கை இந்த அளவால் பார்த்தால், 37இல் 78 விழுக்காடு, அதாவது மொத்த உறுப்பினரில் ஏறத்தாழ 29 விழுக்காடு ஆதரவு. கால் பங்கு என்று விதித்திருந்தால் தீர்மானம் வென்றிருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தால் தோற்றிருக்கும். எந்த அளவு வேண்டும் என்பதைத் தீர்மானம் வருமுன், அமைதியான நாளில், சங்கம் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முடிவுரை

தமிழாய்வுலகுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்த நொபொரு கராஷிமா, ஆய்வு மாநாட்டுக்கு ஆயத்தமாகப் போதிய காலம் வேண்டும் என்றார். மாநாட்டுக்கு அழைத்த தமிழ்நாடு அரசால் அதுவரை காத்திருக்க இயலவில்லை. 2010 ஜூனில் கோவையில் நடந்தது உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்ற வேறு பெயரில். அங்கே எழுந்ததும் அடிப்படையில் அமைப்புவிதிக் கேள்விதான்: ஆய்வுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் ஆய்வாளருக்கா, செலவை ஏற்பவருக்கா?

வானியல் ஒன்றியத்தில் இக்கேள்வி திருத்தும் விதியில் வந்து நிற்கிறது. 1919இல் தனி ஆய்வாளர் நாட்டுக்குள் மறைந்திருந்தார். பிற்பாடு அறிவியல் பொருள்களில் அவருக்கு வாக்கு வந்தது. அண்மையில் அந்த வாக்கு அவர் வீட்டுக்கே வந்தது. விதியைத் திருத்தும் வாக்கு மட்டும் இன்னும் நாடுகளின் கையில் இருக்கிறது. நாடுகளிடமிருந்து அதைப் பறிக்க வேண்டியதில்லை. சந்தா கட்டுபவருக்கு அதில் இடம் இருக்கவே வேண்டும். அமைப்புவிதித் திருத்தம் எதுவும் நாடுகளின் மூன்றில் இரண்டு பங்கோடு தனி உறுப்பினரின் பெரும்பான்மையையும் பெற வேண்டும் என்ற ஒரு வரி போதும். அந்த வரியைச் சேர்ப்பதற்கான வாக்கும் இன்றைய விதிப்படி நாடுகளுடையதே. ஆதலால் அடுத்த திருத்தம் குறித்த வாதத்தை வானியலாளர்கள் பொதுப்பேரவையில் தொடங்குவதால் பயனில்லை. அவரவர் நாட்டு வானியல் குழுவிலேயே தொடங்க வேண்டும்.