நொட்டிங்ஹாமிலிருந்து நெடுந்தீவுக்கு

28 அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல ரயர், கைபிடியிலிருந்து இரும்புக் கம்பியால் இழுபடும் பிறேக், முன்னுக்குச் சாய்ந்த போர்க், செயினை முழுதாக மூடிய பெட்டி. யாழ்ப்பாணத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் இந்த அங்க அடையாளங்களைச் சொன்னால் உடனே பெயரைச் சொல்லிவிடுவார்: றலி. ஹம்பர், றட்ஜ், ஹேர்குலிஸ் என்று வேறு பெயர்களிலும் இதே உடம்பு வந்தது. எழும்பி நின்று மிதித்தாலும் பறக்காது. மூட்டை ஏற்றினாலும் முறியாது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பிறந்த இந்த உடம்பு நெடுந்தீவின் கல்வேலிகளுக்கு நடுவே அவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் தரை.

1880களின் இறுதியில் பிராங்க் பௌடன் என்ற செல்வந்தர் நொட்டிங்ஹாமின் றலி வீதியில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை வாங்கிக் கம்பனியாக வளர்த்தார். 1888இல் பெல்பாஸ்ட்டில் ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். அந்நாளைய இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் தார் வீதி கிடையாது. புதர் மண்டிய வெளிகளுக்கும் காடுகளுக்கும் ஊடாகக் கல்லுடைத்துப் பரப்பிய பாதைகளும் வண்டில் தடங்களுமே இருந்தன. குண்டும் குழியும் கைக்கு ஏறாமலிருக்க அகலமான ரயர், தடுமாறாமலிருக்க நீண்ட சட்டகம், சேறு செயினைத் தின்னாமலிருக்க மூடு பெட்டி என்று ஒவ்வோர் உறுப்பும் கெட்ட பாதைக்காகவே அளவெடுக்கப்பட்டது.

ரயரில் இலங்கையின் பங்கும் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த றப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தபோது, கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டது. தென்னிலங்கைத் தோட்டங்களில் வடிந்த பால் காய்ந்து கப்பலேறி இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்குப் போனது. ரயராகித் திரும்பியபோது அதை வாங்கியவர்களில் வடக்கின் வாத்தியார்மாரும் இருந்தார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய வண்டிக்கு வடக்கே வர வழி திறந்தது 1905இல், புகையிரதப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் தொடுத்தபோது. தீவுகளுக்குப் போக அதன்பிறகும் கடல் கிடந்தது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆட்கள் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். அரசாங்க உத்தியோகக் காசைப் போலவே கடைக் காசும் ஊருக்கு வந்தது. கல்வீடாகியது, கோயில் திருப்பணியாகியது, சைக்கிளும் ஆகியது. படகுக் கூரையில் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டிய சைக்கிளோடு கடல் கடப்பது தீவாரின் வழக்கமாயிற்று. இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடற்கோட்டையைப் பார்த்தபடி ஓடும் மிதவையின் பெயரே ‘பாதை’. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, பிடித்தபடியே நின்று, அக்கரையில் தள்ளிக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

இந்தத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள்: நெடுந்தீவு டெல்ப்ட், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க். இன்று ஒல்லாந்தின் டெல்ப்ட்டும் லைடனும் சைக்கிளுக்குப் பேர்போன நகரங்கள். ஆனால் ஒல்லாந்தர் 1790களில் இலங்கையை இழந்தபோது சைக்கிள் பிறக்கவே இல்லை. இங்கே அவர்களுடைய ஊர்தி குதிரை. போர்த்துக்கேயர் காலத்தில் நெடுந்தீவுக்கு வந்த குதிரைகளை ஒல்லாந்தர் பெருக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரியும் அங்கே குதிரை வளர்த்தார். அவற்றின் வழிவந்தவை மேய்ப்பாரும் சவாரிக்காரரும் இல்லாமல் இன்று தரவையில் திரிகின்றன.

தரவைதான் தீவுச் சவாரியின் முதல் தரை. மழைக்குப் பச்சையாகி, வைகாசிக்குள் பொன்னிறமாகி, உப்புப் பூத்துக் கிடக்கும் வெட்டவெளி அது. காய்ந்த காலத்தில் மாட்டுத் தடத்தில் சில்லை விட்டால் இறுகிய மண் வேகம் கொடுக்கும். மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் களி அப்பிச் சில்லு சுற்றாது. அடுத்தது பனங்கூடல். நிழல் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். சருகோலைக்கு அடியில் மணல் காத்திருக்கும். கருக்கு மட்டையில் ஏறினால் ரியூப் போய்விடும். மூன்றாவது, சுண்ணக் கல்லுடைத்த மக்கி பரவிய ஒழுங்கை. வெயிலில் கண் கூசும் வெள்ளை, வாகனம் போனால் மூச்சுக்குள் புழுதி. அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கம் மணற்றிட்டிகள். அங்கே கௌரவம் பாராமல் இறங்கித் தள்ளவேண்டும்.

மலையோ மேடோ இல்லாத இந்தத் தீவுகளில் ஏற்றம் என்றால் எதிர்காற்றுத்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும்போது பண்ணைத் தாம்போதியிலோ, வேலணையைப் புங்குடுதீவோடு இணைக்கும் வாணர் பாலத்திலோ மறைப்புக்கு ஒரு மரமும் கிடையாது. இருபுறமும் கடல், நெஞ்சில் காற்று. போகும்போது முக்கால் மணித்தியாலம் எடுத்த தூரத்தை வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். உப்புக் காற்று இரும்பையும் தின்னும். அதனால் றிம்மையும் கம்பிகளையும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது வீட்டுக் கடமைகளில் ஒன்று.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மாவிலித்துறையில் இறங்கி மேற்கே வெடியரசன் கோட்டையின் இடிபாடுகள் வரை போனால் இந்தத் தரை வகைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மிதித்துவிடலாம். சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள் ஒழுங்கையின் இருபுறமும் வருகின்றன. நடுவில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கால் ஊன்றி வழிவிடவேண்டும். கோட்டை, பெருக்குமரம், ஒல்லாந்தரின் புறாக்கூடு என்று இன்று சுற்றுலாக்காரர் தேடிப்போகும் இடங்களுக்கு இட்டுச்செல்லும் தடங்கள் அவர்களுக்காகப் போட்டவை அல்ல. நல்ல தண்ணீருள்ள கிணறு, மீன் வாடி, பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, மாடு கட்டிய வெளி ஆகியவற்றுக்குப் போய்வந்த சில்லுகள் உழுத கோடுகள் அவை. நன்னீர் அரிய தீவுகளில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் தொங்கும் சைக்கிள் எத்தனையோ வீடுகளின் குழாயாக இருந்திருக்கிறது.

கரியலில் மீன்பெட்டி, கைபிடியில் கள்ளு முட்டி, பாரில் பிள்ளை, பின்னால் மனைவி. ஒரு வண்டி ஒரு குடும்பம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நெருக்கியபோது புது வண்டி கனவாகியது. பழையது சாகாமல் பார்த்துக்கொள்ளும் கலை வளர்ந்தது. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய ரி.ஐ. சைக்கிள்ஸ், வங்காளத்து அசன்சோலின் சென்-றலி போன்றவை ஆங்கில வார்ப்பையே இந்தியாவில் உருக்கிக்கொண்டிருந்தன. அளவு மாறாததால் ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பொருந்தியது. நொட்டிங்ஹாம் சட்டகம், இந்தியச் சில்லு, பிறகு வந்த லுமாலாவின் பெடல் என்று ஒரே வண்டி மூன்று நாட்டுக் குடியுரிமையோடு ஓடியது. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒரு சட்டித் தண்ணீர், அரத்தாள், சொலூஷன், பழைய ரியூப் துண்டு ஆகியவற்றோடு இந்தச் சேர்க்கைக்கு உயிர் கொடுத்தார்.

பிறகு யுத்தம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். ஊர்ப் பயணத்தின் மிகச் சாதாரணமான கண்ணியே அறுந்த நாள் அது. 1990க்குப் பிறகு பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் வடக்குக்குத் தடையாயின. குடாநாடு முழுவதும் சைக்கிளில் இயங்கியது. மின்சாரம் இல்லாத இரவில் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை இணைத்துத் பிபிசி தமிழோசைச் செய்தி கேட்டார்கள். தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது வேலணை, புங்குடுதீவு மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்குப் பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, குடாநாட்டின் வலிகாமமே தென்மராட்சி நோக்கி ஒரே வீதியில் நடந்தபோது சைக்கிள் மிதிக்கிற வண்டியாக இருக்கவில்லை. மூட்டையும் முதியவரும் ஏற்றித் தள்ளுகிற வண்டியாக இருந்தது.

நொட்டிங்ஹாமில் சைக்கிள் தயாரிப்பு 2002இல் நின்றுபோயிற்று. மேற்கு நாடுகளில் வீதிகள் வழவழப்பாக, ரயர்கள் மெலிந்துபோயிருந்தன. பிறகு அலுத்துவிட்டது போலும். 2006இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா ஊரைச் சுற்றிய கல் வீதிகளில் ஒரு நெடுந்தூரப் போட்டி தொடங்கியது. ‘கிரவல்’ சைக்கிள் என்றொரு புது இனமே கடைக்கு வந்தது. அதன் ரயர் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீற்றர். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீற்றர். எடையும் கியரும் வேறு, விலை எங்கேயோ. ஆனால் கெட்ட பாதைக்கு எது தேவை என்ற விடை நூறு வருடத்துக்கு முந்தியதுதான். 2022 ஒக்டோபரில் இத்தாலியின் வெனெற்றோவில் முதலாவது உலகக் கிரவல் சம்பியன் போட்டி நடந்தது. அதே ஆண்டின் நடுவில் இலங்கையில் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டது. யாழ்ப்பாணத்தார் கொட்டிலில் தூங்கிய பழைய சைக்கிள்களை இழுத்து வெளியே எடுத்தார்கள். அங்கே விளையாட்டு, இங்கே வேறு வழியின்மை. ரயரின் அகலம் மட்டும் ஒன்று.

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு தீவுகளின் பிரதான வீதிகள் காபெட் ஆகிவிட்டன. உழைக்கிற வயதினர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். ஊரில் பாதி ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறது. அங்கிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் விலையுயர்ந்த கிரவல் சைக்கிளைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவர முடியுமா என்று விசாரிக்கிறார்கள். தேவையில்லை. வேலணையிலோ நெடுந்தீவிலோ ஒரு சைக்கிள் கடையில் பழைய வண்டியொன்றை நாள் வாடகைக்குப் பேசலாம். சீற்றின் உயரத்தையும் பிறேக் கட்டையையும் பார்த்து வாங்கவேண்டும். தரவைக்குள் போவதென்றால் ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கவேண்டும்; நெடுந்தீவுக்கென்றால் காலை முதற் படகில் போய், கடைசிப் படகின் நேரத்தை முதலே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கொடுக்கும் வாடகை சுற்றுலாக் கம்பனிக்குப் போகாமல், உடை முள் குத்திய இடத்தைத் தண்ணீர்ச் சட்டியில் கண்டுபிடிக்கத் தெரிந்தவரின் கையில் சேரட்டும். அந்தக் கைவேலை ஊரில் இருக்கும்வரைதான் நொட்டிங்ஹாம் சட்டகம் ஓடும். அது போனால் சட்டகம் பழைய இரும்புக்காரனின் தராசுக்குப் போகும்.