நல்ல ராஜா கிடைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ராஜாக்களுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற கம்மாபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? "முழு அதிகாரமும் ஒருத்தன் கையில இருந்தாலும் அவன் அறிவோட, கருணையோட ஆள முடியும். சோழனைப் பாருங்க" என்றார். பார்த்துடுவோம் தம்பி! (சிரிப்பு) தஞ்சாவூர் வரைக்கும்கூடப் போக வேண்டாம். சேத்தியாத்தோப்பு வழியா பஸ் ஏறினா காட்டுமன்னார்கோயில். அங்கேயே பார்த்துடலாம்.

முதல்ல ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கறேன் அய்யா. வீராணம் ஏரி இருக்கே, அது முதலாம் பராந்தகனுடைய மகன் ராஜாதித்தன் வெட்டினதுன்னு சொல்லுவாங்க. அப்பாவோட பட்டப்பெயர் வீரநாராயணன். அந்தப் பேரையே ஏரிக்கு வச்சான். 949-ல தக்கோலத்துப் போர்ல, யானை மேல இருந்தபடியே செத்துப் போனான். ஏரி சாகல. ஆயிரம் வருஷம் கழிச்சு, 2004-லிருந்து, அந்தத் தண்ணி குழாய் வழியா சென்னைக்குப் போகுது. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டினது செம்பியன் மாதேவி. இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. ராஜாவெல்லாம் கெட்டவன்னு பேசறது சுலபம். நான் அதைப் பேச வரல. நல்ல ராஜா ஒருத்தன் ஒரு நாள் தப்பா ஒரு உத்தரவு போட்டான்னு வையுங்க. பாதிக்கப்பட்டவன் எந்த வாசலுக்குப் போவான்? இதுதான் என் கேள்வி.

வீராணத்துப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டி உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவர்ல ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜ சோழன் 985-ல பட்டத்துக்கு வந்தான். இது அவனுடைய இரண்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்னாங்க இல்லையா, அந்தக் கொலையைச் செய்த துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் இவங்க பேரைச் சொல்லுது அந்தக் கல்வெட்டு. இவங்க சொத்தைப் பறிமுதல் பண்ணச் சொல்லி ஊர்ச் சபைக்கு ராஜா ஓலை அனுப்பறான்.

நியாயம்தானே? அண்ணனைக் கொன்னவன் சொத்தை எடுக்காம, கொஞ்சவா முடியும்? சரி. ஆனா ஓலை அதோட நிக்கல அய்யா. கொன்னவங்களோட தம்பிமார், பிள்ளைங்க. அப்புறம் பெரியப்பன்மார். அவங்க பிள்ளைங்க. பெண் கொடுத்த மாமனார். தாய்மாமன். உடன்பிறந்தவளைக் கட்டினவன். மகளைக் கட்டினவன். இத்தனை பேர் சொத்தும் போச்சு! (அரங்கில் சலசலப்பு)

இந்தக் கூட்டத்துல மருமகப்பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கீங்க? மாமனார் செய்த காரியத்துக்கு உங்க மனையைப் பிடுங்கினா ஒத்துக்குவீங்களா? மாமனார் கிட்டேருந்து வாங்கிக்கறதுக்கு மட்டும்தானே நமக்குச் சம்மதம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சுட்டோம். ஆனா அன்னைக்கு அந்த மருமகன் சிரிச்சிருக்க மாட்டான். கொலை நடந்து ஏறத்தாழப் பதினைந்து வருஷம் ஆயிருக்கும். அதுக்கு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டவன்கூட இருந்திருக்கலாம். அப்படிப் பறிச்ச நிலத்துல ஒரு பகுதியையும் மனைகளையும் ஒருத்தர் 112 கழஞ்சு பொன் கொடுத்து வாங்கி, கோயில்ல சாப்பாடு போடறதுக்கு எழுதி வச்சார். அந்தத் தர்மத்தைப் பதிஞ்சு வைக்கத்தான் இந்தக் கல்வெட்டே. இழந்தவங்க பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு கல்லும் இல்ல.

இதைச் செய்தவன் யாரு? கோமாளி ராஜாவா? நாடு முழுக்க நிலத்தை அளக்க வச்சவன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆடல் பெண்கள் நானூறு பேரைக் கொண்டு வந்து, ஒவ்வொருத்தி பேரு, எந்த ஊர்க் கோயில்லேருந்து வந்தவ, எந்த வரிசையில எத்தனாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு என்கிற வரைக்கும் கல்லுல வெட்டி வச்சவன். அறிவாளின்னா அவன்தான் அறிவாளி. அந்த நானூறு வீட்டுக் கணக்கை எழுதின அதே கச்சிதம்தான் அய்யா, மாமன் மச்சான் ஒருத்தன் விடாம இங்கேயும் கணக்கெடுத்தது. முட்டாள் ராஜாவா இருந்திருந்தா நாலு பேரையாவது மறந்திருப்பான்! (கைதட்டல்)

நெய்வேலியில 1956-ல கம்பெனி வந்ததிலிருந்து சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் நம்மைச் சுத்தி இருக்கு. நிலம் போறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இன்னைக்கு நிலத்தை எடுத்தா கேஸ் போடலாம். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உட்காரலாம். மறியல் பண்ணலாம். ஓட்டுல காட்டலாம். நினைச்சது கிடைச்சுதா இல்லையாங்கறது வேற கதை, அதைப் பேசினா விடிஞ்சுடும். ஆனா போய்க் கதவைத் தட்ட ஒரு வாசல் இருக்கு. உடையார்குடி மருமகனுக்கு இருந்த ஒரே வாசல், உத்தரவு போட்ட அதே ராஜாவோட வாசல்.

அசோகரை இழுக்கப் போறாங்க எதிரணியில, தெரியும். கலிங்கத்துல ஒரு லட்சம் பேர் செத்தாங்க, ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டாங்கன்னு தானே சொல்லி, வருத்தப்பட்டுப் பாறையில வெட்டி வச்ச மகாராஜா. உலகத்துல எத்தனை ராஜா அப்படிச் செய்தான்? பெரிய மனசுதான். ஆனா அந்த வருத்தம் வெட்டின பதிமூன்றாவது சாசனம் கலிங்கத்துல இல்ல! அங்கே தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுட்டு வேற சாசனம் வச்சார். எல்லா மக்களும் என் பிள்ளைகள்னு சொல்றது அதுலதான். யார்கிட்ட வருத்தம் சொல்லணுமோ அவங்க கிட்ட சொல்லாம, பிள்ளைகளேன்னு கூப்பிட்டாச்சு. அப்பாவை யாராவது கணக்குக் கேட்பானா? (சிரிப்பு)

கேட்டவங்க இருக்காங்க அய்யா. எங்கேயோ இல்ல, இங்கே பக்கத்துல. 1429-ஆம் வருஷம். விஜயநகரத்துல இரண்டாம் தேவராயர் ஆட்சி. அவரும் நல்ல ராஜான்னு பேர் வாங்கினவர்தான். ஆனா அவர் இருக்கறது ஹம்பியில. வரி கொடுக்கறவன் இருக்கறது விருத்தாசலத்துல. நடுவுல ராஜாவோட அதிகாரிகள், நிலத்துக்குக் காணியுடைய பெரிய மனிதர்கள். விளைச்சலுக்குத் தகுந்த வரி போய், அவங்க வச்சதுதான் வரின்னு ஆச்சு. ஊரை விட்டு ஓடிப் போகலாமான்னு யோசிச்ச ஜனங்க, ஓடல. வலங்கை 98, இடங்கைன்னு ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கிட்டிருந்த சாதிகள் ஒண்ணாக் கூடினாங்க. விளைச்சலுக்கு எது நியாயமோ அதைத்தான் கொடுப்போம். நம்மளை வாட்டுறவனுக்கு எவனும் தங்க இடம் கொடுக்கக் கூடாது, கணக்கு எழுதக் கூடாது. இந்த மாதிரி தீர்மானங்களைப் பல ஊர்க் கோயில்கள்ல வெட்டி வச்சாங்க. கொறுக்கைக் கல்வெட்டுல இன்னொரு சேதி இருக்கு: நாம இத்தனை நாள் ஒண்ணா இல்லாததாலதான் நமக்கு இந்த அநியாயம் நடந்ததுன்னு அவங்களே எழுதறாங்க. (நீண்ட கைதட்டல்)

ஹம்பி ராஜா நல்லவரா கெட்டவரான்னு அந்த ஜனங்க ஒரு வரிகூட விவாதிக்கல. அதுக்கு அவங்களுக்கு நேரம் இல்ல. நாமதான் ஏசி ரூம்லேருந்து வந்து மைக் பிடிச்சு விவாதிக்கறோம்.

நடுவர் அவர்களே, விருத்தாசலத்துல சாட்சி கோயில் சுவர்லயே நிக்குது. அடுத்த மாசி மகத்துக்குப் போறவங்க சாமியைக் கும்பிட்டுட்டு அந்தக் கல்லையும் ஒரு தடவை பாருங்க. எதிரணித் தம்பிக்கு நான் வைக்கிறது ஒரே ஒரு கேள்வி. உடையார்குடியில மகளைக் கட்டின குத்தத்துக்கு நிலத்தை இழந்தானே ஒரு மருமகன், அவன் பிராதைத் தம்பி எந்த ராஜாகிட்ட கொண்டு போய்க் கொடுப்பார்? அதைச் சொல்லிட்டு உட்காரட்டும்.