பெஸ்தோவில் எது அசல்?

சாஸ் என்று பெயர் வாங்கிவிட்டதே தவிர, பெஸ்தோ அடுப்பில் ஏற்றாத ஒரு துவையல்தான். இத்தாலிய மொழியில் 'பெஸ்தாரே' என்றால் இடிப்பது. பெயர் அதிலிருந்து வந்தது. சொந்த ஊர் ஜெனோவா, இத்தாலியின் வடமேற்கே ஒரு துறைமுகம்.

இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் இதில் ரொம்பக் கறார். பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய், பார்மிஜானோ சீஸ், செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸ். இந்த ஏழுதான். உரல் பளிங்கில், குழவி மரத்தில். ஜெனோவா பேசிலுக்கு 2005-ல் ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்பு முத்திரையும் கிடைத்தது. 2007-லிருந்து பெஸ்தோ இடிக்க உலகப் போட்டி வேறு!

இதையெல்லாம் நெட்டில் படித்துவிட்டு, வீட்டில் முந்திரி போட்டு அரைத்த அம்மாவிடம் "இது அசல் இல்லை" என்கிற பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

1863-ல் ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ என்பவர் ஜெனோவா சமையல் புத்தகம் ஒன்று போட்டார். அச்சில் வந்த பெஸ்தோ குறிப்புகளில் மிகப் பழையது என்று அதைத்தான் காட்டுவார்கள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பேசில் கிடைக்காவிட்டால் மர்ஜோரமும் பார்ஸ்லியும் போடலாமாம். பார்மிஜானோவோடு சேர்வது ஹாலந்து சீஸ்! இடிக்கும்போது கொஞ்சம் வெண்ணெயும் உண்டு. துறைமுக ஊர் இல்லையா, கப்பலில் வந்ததும் உரலுக்குள் போயிருக்கிறது. இன்றைய போட்டியில் வெண்ணெயோடு போய் நின்றால் துரத்திவிடுவார்கள் :-)

பக்கத்தில் பிரான்சின் ப்ரோவான்ஸில் இதே சங்கதி 'பிஸ்தூ'. அதில் கொட்டையே கிடையாது. சிசிலியின் த்ராபானியில் பாதாமும் தக்காளியும் போடுகிறார்கள்.

நம் சமையலறைக்கு வருவோம். பேசில் துளசி அல்ல. நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம், அதாவது சப்ஜா விதைச் செடி. ரகம் வேறு என்பதால் மணம் கொஞ்சம் மாறும். பைன் கொட்டையை இங்கே டெல்லிப் பக்கம் சில்கோசா என்பார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். முந்திரியோ வால்நட்டோ போதும். மிக்ஸி சூட்டில் இலை கறுத்துவிடும். ஜாரை ஃபிரிட்ஜில் வைத்தெடுத்து, விட்டு விட்டு அரையுங்கள். பாஸ்தா வேகும்போதே உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைப்பது ஜெனோவா வழக்கம். அடுப்பை அணைத்தபின் பெஸ்தோவைக் கலந்து, வெந்த தண்ணீர் இரண்டு கரண்டி விடவும். ராத்தோவும் வெந்நீர் விடச் சொல்கிறார், ஆனால் உப்பில்லாமல்.

மீந்ததை மேலே எண்ணெய் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தோசைக்கு ஆகும்.