தேடுமாறு வேண்டிய மடல்கள்

அயல்நாடு சென்று காணாமற்போன ஒருவரைத் தேடித் தருமாறு விண்ணப்பம் எழுதுவோர், முதலில் எழுத வேண்டியது ஒன்றே: அவரைக் கடைசியாகக் கண்டவர் யார், கண்ட இடம் எது, கண்ட நாள் எது? பங்கு இல்லத்தின் முன்னறையில் அமர்ந்து, கடல் கடந்து பிழைக்கப் போன மகனிடமிருந்து ஓராண்டாகச் செய்தி இல்லை என்று கண்ணீர் வடிக்கும் அன்னையர் சிலருக்கு மனு எழுதித் தந்திருக்கிறோம். அவர்கள் மகனின் குணத்தைச் சொல்வார்கள். சிறு வயதில் அவன் செய்த குறும்பைச் சொல்வார்கள். நாளும் இடமும் மட்டும் எளிதில் வாரா. மனுவைப் படிக்கும் அதிகாரிக்கோ நாளும் இடமும் தவிர வேறொன்றும் வேண்டா. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நினைக்கும்போதெல்லாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எழுதிக் குவித்த மடல்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அவர் ஜேன் பிராங்க்ளின் அம்மையார்.

அவருடைய கணவர் சர் ஜான் பிராங்க்ளின், 1845 மே 19 அன்று எரபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களோடு தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிரீன்ஹைத் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டார். கனடாவின் வடக்கே உறைந்து கிடக்கும் தீவுகளினூடே அட்லாண்டிக் கடலிலிருந்து பசிபிக் கடலுக்குச் செல்லும் வழியைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். அப்போது அவருக்கு வயது 59. கிரீன்லாந்தில் ஐவர் திருப்பி அனுப்பப்பட, எஞ்சியோர் 129 பேர். மூன்றாண்டுக்குரிய உணவு கப்பல்களில் இருந்தது. சூலைத் திங்களின் இறுதியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இரண்டு பாபின் விரிகுடாவில் அவர்களைக் கண்டன. அதற்குப் பின் ஐரோப்பியர் எவரும் அவர்களைக் கண்டதாகச் செய்தி இல்லை.

மூன்றாண்டு உணவு என்னும் அந்தச் செய்தி பயணிகளுக்குத் துணையாக இருந்ததோ இல்லையோ, கடற்படைத் தலைமையகத்தாருக்குப் பெருந்துணையாக அமைந்தது. 1847ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஜான் ராஸ் என்னும் முதிய மாலுமி, தேடுவதற்குத் தம்மை அனுப்புமாறு கேட்டார். அவரே 1829 முதல் 1833 வரை நான்கு குளிர்காலங்கள் அப்பனியில் சிறைப்பட்டு மீண்டவர். தேடி வருவதாகப் பிராங்க்ளினுக்கு வாக்களித்தவர். உணவு தீரும் காலம் வரவில்லை, கவலைக்கு இடமில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. கணக்கில் பிழையில்லை. ஆனால் வடதுருவக் கடல் ஆண்டில் சில வாரங்களே திறக்கும் என்பதையும், இவ்வாண்டு புறப்படாத கப்பல் அடுத்த ஆண்டுதான் புறப்பட இயலும் என்பதையும் அக்கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டில் ரிச்சர்ட் கிங் என்னும் மருத்துவரும் அரசுக்கு எழுதினார். ஜார்ஜ் பேக்கின் தலைமையில் பெருமீன் ஆறு கடலோடு கலக்கும் இடம்வரை 1834இல் சென்று வந்தவர் அவர். அந்த ஆற்றின் வழியே சிறு குழுவொன்றை அனுப்புங்கள், பிராங்க்ளின் அப்பக்கத்தில்தான் இருப்பார் என்பது அவரது வேண்டுகோள். பிற்காலத்தில் தெரியவந்த உண்மையோடு ஒப்பிட்டால், எழுதியவர் எல்லாரிலும் சரியான இடத்துக்கு மிக அருகே விரலை வைத்தவர் அவரே. ஆயினும் அவருடைய எழுத்தில் வேண்டுதலைவிடக் குற்றச்சாட்டு மிகுந்திருந்தது. பழைய பயணத் தலைவர்களை ஏளனம் செய்தார். அதிகாரிகளுக்குப் பாடம் கற்பித்தார். அவர்கள் அவரை வெறுத்தார்கள். வெறுத்தவாறே மனுவையும் ஒதுக்கினார்கள். மனு எழுதுவோர் பணிவு காட்ட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. 129 உயிர்கள் பணயத்தில் இருக்கும்போது, எழுதியவரின் நாவைப் பாராமல் அவர் காட்டிய இடத்தைப் பார்க்கும் கடமை படிப்பவருக்கு இருந்தது என்றே சொல்கிறோம்.

1848இல் அரசு மூன்று திசைகளில் ஆட்களை அனுப்பியது: கிழக்கே இரு கப்பல்கள், மேற்கே பேரிங் நீரிணை வழியே வேறு கப்பல்கள், நடுவே மெக்கன்சி ஆற்றின் வழியாக ஒரு குழு. அனைவரும் வெறுங்கையோடு திரும்பினர். அம்மையாரின் மடல்கள் பெருகியது இக்காலத்தில்தான். 1849இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டெய்லருக்கு எழுதினார்; ரஷ்யப் பேரரசரின் உதவியையும் நாடினார். திமிங்கில வேட்டைக்காரர்களுக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து பரிசு அறிவித்தார். அத்தோடு அமையாமல், கணவரின் உடன்பிறந்தாள் மகள் சோபியாவை அழைத்துக்கொண்டு ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்கே சென்று, வடகடலிலிருந்து திரும்பும் மாலுமிகளை நேரில் வினவினார். அமெரிக்க வேண்டுகோள் பயனளித்தது. நியூயார்க் வணிகர் ஹென்றி கிரின்னல் தம் செலவில் இரு கப்பல்களைத் தர, அந்நாட்டுக் கடற்படை ஆட்களைத் தந்தது.

அம்மையார் குறிசொல்வோரிடமும் சென்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதவுகள் யாவும் அடைபட்டோர் எந்தக் கதவையும் தட்டுவர். மந்திரவாதியிடம் போய்விட்டுத் தலைகுனிந்து நம் முன் நின்ற தாய்மாரைக் கடிந்துகொள்ள நமக்கும் நா எழுந்ததில்லை.

1850 ஆகஸ்டில் பீச்சி தீவில் மூன்று கல்லறைகள் காணப்பட்டன. மூவரும் 1846இன் முதல் மாதங்களில் இறந்தவர்கள். பிராங்க்ளின் முதற் குளிர்காலத்தை அங்கே கழித்தார் என்பது தெளிவாயிற்று. அங்கிருந்து எத்திசையில் சென்றார் என்பதற்கு ஒரு துண்டுத் தாளும் கிடைக்கவில்லை. அவருக்குத் தரப்பட்ட ஆணையோ தென்மேற்கே செல்லச் சொன்னது. பனி தடுத்தால் வெலிங்டன் கால்வாய் வழியே வடக்கே செல்லலாம் என்றது. தேடியோர் பெரும்பாலும் வடக்கையும் மேற்கையுமே துருவினர். 1852இல் சென்ற பெல்சரின் ஐந்து கப்பல்களில் நான்கு 1854இல் பனியிலேயே கைவிடப்பட்டன.

அந்த 1854இன் தொடக்கத்தில்தான் கடற்படை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மார்ச் 31 முதல் காணாமற்போன அனைவரும் இறந்தவராகக் கருதப்பட்டு, பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவர். அம்மையார் கைம்பெண் ஓய்வூதியத்தை ஏற்க மறுத்தார். துக்க உடையையும் களைந்து வண்ண உடை அணிந்தார். மூத்த மனைவியின் மகள் எலினோர், தந்தை இறந்தார் என்றே நம்பினாள்; சொத்தைப் பற்றிய வழக்கு இருவரையும் பிரித்தது. இத்தகைய வீடுகளை நாமும் அறிவோம். காணாமற்போனவர் பெயருக்குத் திருப்பலி கேட்டு ஒரே குடும்பத்திலிருந்து இருவர் வருவர். ஒருவர் இறந்தோருக்கான திருப்பலி என்பார், மற்றவர் நலம் வேண்டி என்பார். கருத்தேட்டில் எதை எழுதுவது என்று பேனாவோடு காத்திருந்த நாள்கள் உண்டு.

அவ்வாண்டு அக்டோபரில் ஜான் ரே என்னும் மருத்துவர் செய்தியோடு வந்தார். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பணியாளர். அம்மண்ணின் மக்களாகிய இனுயிட்டுகளைப் போலவே பனியில் பயணம் செய்யக் கற்றவர். நாற்பது வெள்ளையர் வரை படகொன்றை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்ததையும், பின்னர் அவர்களின் பிணங்கள் பெரிய ஆற்றின் முகத்துவாரத்தருகே கிடந்ததையும் இனுயிட்டுகள் அவரிடம் சொல்லியிருந்தனர். பிராங்க்ளினின் பதக்கத்தையும், அதிகாரிகளின் முத்திரை பொறித்த வெள்ளிக் கரண்டிகளையும் அவர்களிடமிருந்து அவர் வாங்கி வந்தார். பசியின் கொடுமையில் சிலர் இறந்தோரின் தசையை உண்டனர் என்ற செய்தியும் அவரது அறிக்கையில் இருந்தது. இங்கிலாந்து கொதித்தெழுந்தது. நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் இதழில், காட்டுமிராண்டிகளின் சொல்லை நம்புவதா என்ற போக்கில் எழுதினார். அம்மையாரும் ரேயை மன்னிக்கவில்லை.

இங்கேதான் நம் மனம் அம்மையாரோடு செல்ல மறுக்கிறது. ஏனெனில் 1856 டிசம்பரில் தலைமையமைச்சர் பால்மர்ஸ்டன் பிரபுவுக்கு அவர் எழுதிய நீண்ட மடல், முன்னைய மடல்களினின்று முற்றிலும் வேறானது. எங்கேனும் தேடுங்கள் என்ற அலறல் அதில் இல்லை. தேட வேண்டிய நிலப்பரப்பு சிறியது, இன்னது என்று வரையறுக்கிறார். எஞ்சியிருக்கும் பணி ஒன்றே என்று காட்டுகிறார். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? ரே கொண்டுவந்த இனுயிட்டுகளின் வாய்மொழியிலிருந்தே வந்தது. இடத்தைச் சொன்னபோது அவர்கள் நம்பத்தக்க சாட்சிகள். நடந்ததைச் சொன்னபோது பொய்யர்கள். ஒரே வாயின் சொல்லை இரண்டாகப் பிளந்து, வேண்டியதை மனுவிலும் வேண்டாததைக் குப்பையிலும் இட்டார்கள்.

மனு செல்லும் வேளை நல்லதாகவே இருந்தது. பெல்சர் கைவிட்ட ரிசொல்யூட் என்ற கப்பலை அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர் ஒருவர் கடலில் கண்டெடுக்க, அந்நாட்டு அரசு அதை 40,000 டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு, அதே டிசம்பரில் விக்டோரியா அரசியாருக்குப் பரிசாக அளித்திருந்தது. அந்தக் கப்பலையே இறுதித் தேடலுக்குத் தாருங்கள் என்று அம்மையார் கேட்டார். 1857 ஏப்ரலில் மறுப்பு வந்தது. இறந்தவரைத் தேடி உயிரோடிருப்போரை இழக்க இயலாது என்பது அரசின் வாதம். அதையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது; தேடப் போனவர்களிலும் மாண்டோர் உண்டு. பிரெஞ்சு இளைஞர் பெல்லோ 1853இல் பனி பிளந்து மறைந்தார்.

அம்மையார் 177 டன் எடையுள்ள பாக்ஸ் என்ற நீராவிச் சிறுகப்பலைத் தாமே வாங்கினார். மக்ளின்டாக் தலைமையில் 1857 சூலை முதல் நாள் அது அபர்டீனிலிருந்து புறப்பட்டது. முதற் குளிர்காலத்தில் பாபின் விரிகுடாப் பனியில் சிக்கி எட்டு மாதம் பின்னோக்கி மிதந்தது. விடுபட்டதும் வீடு திரும்பாமல் மீண்டும் வடக்கே சென்றது. 1859 மே மாதத்தில் கிங் வில்லியம் தீவில், கற்குவியல் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த தாளைத் துணைத்தலைவர் ஹாப்சன் கண்டெடுத்தார். ஒரே தாளில் இரு குறிப்புகள். 1847 மே மாதத்துக் குறிப்பு எல்லாரும் நலம் என்கிறது. அதன் ஓரத்தில் 1848 ஏப்ரல் 25 அன்று எழுதியதோ, கப்பல்களைக் கைவிட்டதையும், 24 பேர் இறந்ததையும், எஞ்சிய 105 பேர் பேக்கின் பெருமீன் ஆற்றை நோக்கி மறுநாள் புறப்படுவதையும் கூறுகிறது. சர் ஜான் பிராங்க்ளின் இறந்த நாள் 1847 சூன் 11.

அதாவது, முதல் தேடற்கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார். அம்மையார் எழுதிய மடல்களில் மிகப் பல, இறந்தவரை மீட்க எழுதியவை. ஆனால் அந்த 105 பேர்? அவர்கள் ஆற்றை நோக்கி நடந்த 1848 வசந்தத்தில், கிங் கேட்ட சிறு குழு அந்த ஆற்றில் இருந்திருந்தால் ஒருசிலரேனும் பிழைத்திருக்கக்கூடும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. நடந்துகொண்டே விழுந்து மாண்டார்கள் என்று இனுயிட் மூதாட்டி ஒருவர் மக்ளின்டாக்கிடம் சொன்னார்.

அரச புவியியல் கழகம் 1860இல் அம்மையாருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. 1875 சூலையில் அவர் இறந்த சில நாள்களில் கணவரின் நினைவுச்சின்னம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் திறந்துவைக்கப்பட்டது. ரேயின் சொல்லுக்கோ நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தீவில் கிடைத்த எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருப்பதை 1990களில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எரபஸ் கப்பலின் தலைவர் பிட்ஸ்ஜேம்சின் தாடையெலும்பு 2024இல் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டது. அதிலும் கீறல்கள் இருந்தன.

கப்பல்களில் எரபஸ் 2014 செப்டம்பரில் கிடைத்தது. இனுயிட் மூதாதையர் வழிவழியாகச் சொல்லிவந்த இடத்தருகே, ஆழமில்லாத கடலில் அது கிடந்தது. 2016இல் டெரரைத் தேடிச் சென்ற கப்பலில் உடன் பயணம் செய்த இனுயிட் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் மீன் பிடிக்கப் போனபோது விரிகுடாவொன்றின் பனியிலிருந்து கொடிமரம் போன்ற கட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கண்டதாகத் தலைவரிடம் தனியே சொன்னார். தலைவர் அன்றே கப்பலை அப்பக்கம் திருப்பினார். டெரர் அங்கே இருந்தது. பிராங்க்ளினின் கல்லறையை மட்டும் இன்னும் எவரும் கண்டிலர்.