ஏழடி அகலப் படகும் ஒரு வங்கிக் கடனும்

இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான நீளப் படகை வாடகைக்கு எடுத்தால், வேக வரம்பு மணிக்கு 4 மைல். நம் கணக்கில் ஆறு கிலோமீட்டர் சொச்சம். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போகிறவர்கூட சமயத்தில் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி, நாள் முழுக்க சுக்கானைப் பிடித்து நின்று, வழியில் ஏழெட்டு லாக் ஏறி இறங்கி, சாயங்காலம் ஏதாவது ஒரு பப் வாசலில் படகைக் கட்டும்போது 15 மைல்கூடத் தாண்டியிருக்காது. இந்த நிதானத்துக்காகத்தான் காசு கொடுத்து வருகிறார்கள்.

லாக் என்பது கால்வாய் மேடேறும் இடத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும், படகும் கூடவே எழும்பும். பெரும்பாலும் எல்லாம் கைவேலைதான். கதவை முதுகு கொடுத்துத் தள்ளவேண்டும். ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் போய்விடும்.

இந்தக் கால்வாய்களை வெட்டிய காலத்தில் இதே வேகம்தான் நாட்டையே புரட்டிப்போட்டது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் வொர்ஸ்லியில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. கரி இருந்தது, ஊருக்குக் கொண்டுபோக நல்ல பாதை இல்லை. 1759-ல் பார்லிமெண்ட் அனுமதி வாங்கி, ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பவரைப் பிடித்தார். பிரிண்ட்லிக்கு எழுதப் படிக்க சரியாக வராது, ஆனால் ஆலை இயந்திரங்களில் கெட்டிக்காரர். சிக்கலான வேலை வந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தே தீர்ப்பாராம். (ஆபீசில் யாராவது முயன்று பாருங்கள்!) 1761-ல் பார்ட்டன் என்ற இடத்தில் இர்வெல் ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டிக் கால்வாயைக் கொண்டுபோனார். மான்செஸ்டரில் கரி விலை பாதியாகக் குறைந்தது. சாலையில் ஒரு குதிரை இரண்டு டன் இழுத்தால் பெரிய விஷயம். அதே குதிரை தண்ணீரில் 25 டன் படகை இழுத்துக்கொண்டு போகும்.

காமர்ஸ் படித்த எனக்கு இதில் ருசியான இடம் 1765. கால்வாயை லிவர்பூல் பக்கம் நீட்டப் பணம் போதாமல் பிரபு கழுத்து வரை கடனில் இருந்தார். தன் சொந்தச் செலவை வருஷத்துக்கு 400 பவுண்டாகச் சுருக்கிக்கொண்டார் என்பார்கள். அப்போது லண்டனில் சைல்ட் வங்கி அவருக்கு 25,000 பவுண்டு கொடுத்தது. ஈடு எது தெரியுமா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கால்வாய். வரும் வருமானத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பதை இன்று ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ் என்று கோட் சூட் போட்டுப் பேசுகிறோம். அந்த பிராஞ்ச் மேனேஜர் யாரோ, கும்பிடவேண்டும் :-)

அடுத்து டிரென்ட்-மெர்ஸி கால்வாய். பீங்கான் வியாபாரி ஜோசையா வெஜ்வுட் போன்றவர்களுக்கு, சாலையில் உடையாமல் சரக்கு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. 1766-ல் தொடங்கி 1777-ல் முடிந்தது. நடுவிலேயே, 1772-ல், பிரிண்ட்லி போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீரும் செலவும் மிச்சமாகட்டும் என்று அவர் லாக்குகளை ஏழடி அகலத்துக்கே கட்டினார். படகு எழுபதடி நீளம் இருக்கலாம், ஆனால் ஏழடிக்கு மேல் அகலம் கூடாது. அந்தக் கால்வாயில் ஹேர்காசில் சுரங்கம் 2.6 கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது. குதிரையை மலைமேல் ஓட்டிவிட்டு, படகில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துத்தான் நகரவேண்டும். மூன்று மணி நேரம்கூட ஆகும். பக்கத்திலேயே 1827-ல் டெல்ஃபோர்ட் போட்ட இரண்டாவது சுரங்கத்தில் இன்றைய உல்லாசப் படகு சுமார் நாற்பது நிமிஷத்தில் கடந்துவிடுகிறது.

1790-களில் கால்வாய்ப் பங்குகளுக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். சரக்கே இல்லாத வழிகளில்கூட வெட்டினார்கள். அந்தக் கதையை நாம் வேறு பெயர்களில் நிறையப் பார்த்தாயிற்று.

1830-ல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் வந்தது. கால்வாய்க் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன, அந்தக் குறைப்பு கடைசியில் படகோட்டியின் தலையில் விழுந்தது. அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, டிரிப்புக்குத்தான் காசு. லாக்கில் வரிசை நின்றாலும் கால்வாய் உறைந்தாலும் அன்றைய பிழைப்பு போச்சு. கரையில் வீட்டு வாடகை, உதவியாள் கூலி இரண்டையும் மிச்சப்படுத்தப் பலரும் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். எழுபதடிப் படகில் சரக்கு போக மிஞ்சியது பத்தடிக்கு ஏழடி அறை. அதில்தான் அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாம். மனைவி சுக்கான் பிடிப்பாள், பிள்ளை குதிரையோடு நடக்கும், சம்பளம் ஒருவனுக்கு மட்டும். பேலன்ஸ் ஷீட்டில் இது எந்தத் தலைப்பிலும் வராது.

பிள்ளைகளின் படிப்புதான் என்னை அதிகம் உறுத்தியது. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் போராடியதில் 1877-லும் 1884-லும் சட்டங்கள் வந்தன. படகைப் பதிவு செய்யவேண்டும், இத்தனை பேருக்கு மேல் தங்கக்கூடாது, பதிவான ஊர்ப் பள்ளியில் பிள்ளை படிக்கவேண்டும். ஆனால் பதிவான ஊரில் படகு என்றைக்கு நின்றது? ஒரு பள்ளியில் அரை நாள், அடுத்த வாரம் நாற்பது மைல் தள்ளி இன்னொன்றில் அரை நாள். பலர் கையெழுத்துப் போடத் தெரியாமலேயே வளர்ந்தார்கள். டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அட்மிஷனுக்கு அலைந்த டிரான்ஸ்ஃபர் குடும்பங்களுக்கு இது கொஞ்சம் புரியும். நமக்காவது மூன்று வருஷம் ஓர் ஊரில் இருக்கக் கிடைக்கிறது.

ஸ்டோக் ப்ரூயர்ன் கிராமத்தில் மேரி வார்ட் என்ற நர்ஸ் பல வருஷம் கால்வாய்க் கரை வீட்டிலேயே இந்தப் படகுக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1951-ல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

1948-ல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமை ஆயின. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் உறைந்து படகுகள் நின்றன. அந்த வருஷமே அரசு வாரியம் தன் நாரோபோட் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே எல்.டி.சி. ரோல்ட் தன் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுதி (1944), அதைப் படித்தவர்கள் சேர்ந்து 1946-ல் சங்கம் அமைத்திருந்தார்கள். கால்வாய்கள் தூர்ந்துபோகாமல் தப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசி மூட்டை ஏற்றிய கேரளத்துக் கெட்டுவள்ளம் ஹவுஸ்போட் ஆன மாதிரி, கரி ஏற்றிய படகின் வடிவத்தில் ஷவரும் ஃப்ரிட்ஜும் வந்தன. அகலம் மட்டும் அதே ஏழடி.

ஸ்டோக் ப்ரூயர்னில் கால்வாய் அருங்காட்சியகம் திறந்ததும் அதே 1963-ல்தான். அதற்குச் சற்று முன்புதான் மேரி வார்ட் வைத்தியம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.